கவகோயே பழைய வணிகர் தெரு: எட்டு மாதக் குழந்தையுடன் போகலாமா?

நிஷிகசாய்_மல்லி:

வணக்கம். அம்மா ஊரிலிருந்து தோக்கியோவுக்கு, நிஷிகசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நகரத்துக்குள் அசாகுசா, உஎனோ எல்லாம் காட்டியாகிவிட்டது. "பழைய காலத்துக் கடைத்தெரு ஏதாவது இருந்தா காட்டு" என்கிறார்கள். கியோத்தோ வரைக்கும் போய்வர இப்போது தெம்பில்லை. அதனால் பக்கத்து சைத்தாமா மாகாணத்தில் இருக்கும் கவகோயேக்குப் போகலாம் என்று யோசனை. மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள், ஐந்து நிமிடம் மடியில் இருக்கமாட்டாள். அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம் வேறு. கணவருக்கு சனி, ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. குழந்தைக்குத் தள்ளுவண்டி கொண்டுபோவதா, மார்பில் மாட்டும் கேரியரில் கட்டிக்கொண்டு போவதா? பால் கொடுக்க, டயபர் மாற்ற இடம் கிடைக்குமா? போகத் தகுந்த இடமா, இல்லை படத்தில் மட்டும்தான் அழகா?

சைத்தாமாவாசி:

தாராளமாகப் போகலாம் மல்லி. ஆனால் படம் போடுகிறவர்கள் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தெருவில் கார், பஸ் எல்லாம் ஓடும். இரண்டு பக்கமும் கறுப்புச் சுவர் கட்டடங்கள், மின்கம்பிகளைக்கூட மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள், பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். நடைபாதை மட்டும் ஒடுக்கம். வார இறுதியில் அதில் பாதி இடத்தை ஏதாவது கடை வரிசை பிடித்திருக்கும். தள்ளுவண்டி வைத்திருப்பவர் வேறு வழியில்லாமல் சாலைக்கு இறங்குவார், பின்னாலேயே பஸ் வரும். குழந்தையோடு போகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சமாளிக்கலாம்.

தெரு பெரியதும் இல்லை. இச்சிபான்காய் என்ற முக்கியப் பகுதி ஏறக்குறைய 400 மீட்டர்தான். ஆகவே நேரத்தைச் சரியாகப் பிடித்தால் போதும். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு அங்கே நில்லுங்கள். பெரும்பாலான கடைகள் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை தெரு உங்களுக்கே. அம்மா நின்று நிதானமாகக் கூரையைப் பார்க்கலாம், நீங்கள் படம் எடுக்கலாம். கடை திறந்ததும் வேண்டியதை வாங்கிக்கொண்டு, பதினொன்றரைக்குள் முக்கியத் தெருவை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற கூட்டம் வேறு ரகம். கொரோனாவுக்கு முன்பு, 2019ல், ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் வந்து போன ஊர் இது.

நிஷிகசாயிலிருந்து வழி சுலபம். தோசாய் லைனில் ஏறி தகதனோபாபாவில் இறங்கி, செய்பு ஷிஞ்சுகு லைன் பிடித்தால் கடைசி நிலையம் ஹோன்கவகோயே. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்தால் "கோஎதோ" என்ற சிறப்பு விரைவு ரயிலில் பதிவு இருக்கை கிடைக்கும், முக்கால் மணி நேரப் பயணம். அம்மாவுக்காகவும் குழந்தைக்காகவும் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். தகதனோபாபாவில் லிஃப்ட் தேடித்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

குட்டன்_அப்பா:

சைத்தாமாவாசி சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. தள்ளுவண்டியே வேண்டாம் என்கிற மாதிரி படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எட்டு மாதக் குழந்தை எட்டு ஒன்பது கிலோ இருக்கும். அதை நாள் முழுக்க மார்பில் கட்டிக்கொண்டு நடந்தால் இடுப்பு போய்விடும். வண்டி என்பது குழந்தைக்கு மட்டுமா? பை, தண்ணீர், பாட்டியின் சால்வை, வாங்கிய பண்டம் எல்லாம் அதில்தான் போகும். வெளியே போய் ஒரு தூக்கம் போடுகிற குழந்தைக்குப் படுக்கையும் அதுதான்.

என் ஆலோசனை: இரண்டும் கொண்டுபோங்கள். ஹோன்கவகோயேயில் தண்டவாளம் அந்த நிலையத்தோடு முடிகிறது, படி ஏறி இறங்கும் வேலை இல்லாமல் வண்டியோடு வெளியே வரலாம். அங்கிருந்து தெருவுக்குப் பதினைந்து நிமிட நடை, தரை சமம். முக்கியத் தெருவுக்குள் நுழைகிற நேரம் மட்டும் குழந்தையைக் கேரியரில் போட்டு, வண்டியை மடித்துக் கணவர் கையில் கொடுங்கள். பெரிய வண்டி வேண்டாம், ஒரு கையால் மடிக்கக்கூடிய சின்னது போதும்.

இன்னொன்று. இச்சிபான்காய்க்கு வடக்கே பக்கத்தில் காஷியா யோகோச்சோ என்ற மிட்டாய்ச் சந்து இருக்கிறது. அங்கே கார் தொல்லை கிடையாது. 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோவின் மிட்டாய்த் தொழில் சிதறிப்போனபோது இந்த ஊர் அந்த வேலையை எடுத்துச் செய்தது, அதற்குப் பிறகு ஒரு காலத்தில் எழுபது கடை வரை இருந்தனவாம். இப்போது இருபது சொச்சம். குழந்தைக்கு வண்ணம் பார்க்க நல்ல இடம். ஒரு மீட்டரை நெருங்கும் நீளத்தில் கருப்புச் சர்க்கரை பூசிய கோதுமைக் குச்சிப் பண்டம் விற்பார்கள், அதை வாங்கிக்கொண்டு ரயிலில் வருகிற அப்பாக்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

வடை_விமர்சகர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர், அதை வைத்துக் கவகோயேயை "சின்ன எதோ" என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் தெருவில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி 1868 வரை நீண்ட எதோ காலத்துக் கட்டடமே இல்லை, அதற்குப் பிறகு வந்த மெய்ஜி காலம். 1893ல் பெரிய தீ பிடித்து ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்துபோனது. அதற்குப் பிறகு கட்டியவைதான் இந்தக் கறுப்புக் கட்டடங்கள். கூட்டத்தில் இடிபட்டு இதைப் பார்க்கக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

சீபா பக்கம் சவாரா இருக்கிறது. ஓனோ ஆற்றின் இரு கரையிலும் வணிகர் வீடுகள், கரையோரம் வில்லோ மரங்கள், ஆற்றில் படகு. தோக்கியோவைச் சூழ்ந்த கான்தோ வட்டாரத்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடத் தொகுதியாக முதலில் தேர்வானதே சவாராதான், 1996ல். கவகோயே அதற்கு மூன்று ஆண்டு பிந்தி, 1999ல். ஜப்பான் முழுவதையும் நடந்தே அளந்து வரைபடம் போட்ட இனோ ததாதகாவின் வீடு ஆற்றங்கரையில் அப்படியே நிற்கிறது. மனிதர் சாராயம் காய்ச்சி, தானியம் விற்ற வியாபாரி. தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வானியல் படிக்கப் போய், 1800ல் ஐம்பத்தைந்து வயதில் அளவைப் பயணத்தைத் தொடங்கினார். அவர் வீட்டு வாசலில் ஒரு பாலம், அதிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை ஆற்றுக்குள் தண்ணீர் கொட்டும். குழந்தை கைதட்டும். கூட்டமும் கிடையாது.

சைத்தாமாவாசி:

வடை, சவாரா எனக்கும் பிடிக்கும். ஆனால் நிஷிகசாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ரயில் மணிக்கு ஒன்று என்கிற கணக்கு. குழந்தை அழுது ஒரு ரயிலை விட்டால் நடைமேடையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆற்றங்கரையில் தடுப்பு இல்லாத இடங்களும் உண்டு. மடியில் நிற்காத குழந்தையை வைத்துக்கொண்டு, முட்டிவலிக்காரரோடு போக, எனக்கென்னவோ கவகோயே தான் சரி.

எதோ காலம் இல்லை என்பது உண்மை. அதில்தான் சுவாரசியமே. 1893 தீயில் ஊர் எரிந்தபோது, 1792ல் ஒரு துணி வியாபாரி கட்டிய ஓசாவா வீடு தப்பிப் பிழைத்தது. தடித்த களிமண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கனமான ஓட்டுக்கூரை. அதைப் பார்த்துத்தான் மற்ற வியாபாரிகளும் கிடங்கு பாணியிலேயே, குராஸுகுரி என்பார்கள், கடைகளைக் கட்டினார்கள். சுவர் ஓர் அடிக் கனம் வரும். மண்ணைப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி என்று அடுக்கடுக்காக ஏற்றிய சுவர். மேல்மாடி ஜன்னல் கதவுகளின் ஓரத்தைப் பாருங்கள் மல்லி, படிப்படியாக வெட்டியிருக்கும். மூடினால் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து புகையும் அனலும் உள்ளே போகாது, நம் ஊர் எவர்சில்வர் அடுக்குச் சம்புடத்தின் மூடி மாதிரி. தோக்கியோவின் வணிகத் தெருக்களும் அப்போது இப்படித்தான் இருந்தன. அவையெல்லாம் 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் போய்விட்டன. இங்கே மிஞ்சியிருப்பது அதுதான். எந்தக் காலம் என்று சண்டை போட்டு என்ன செய்ய?

ஓசாவா வீட்டில் இப்போது கைவினைப் பொருள் விற்கிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். கேரியரில் குழந்தை இருந்தால் மட்டும் போங்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில் பொம்மைகள் இருக்கும்.

நிஷிகசாய்_மல்லி:

எல்லோருக்கும் நன்றி. சவாராவை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறோம், வடை அண்ணா. பால், டயபர், சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்களேன். தாய்ப்பாலும் கொடுக்கிறேன், இடையில் பவுடர் பாலும் உண்டு. திட உணவு ஆரம்பித்து இரண்டு வேளை ஆகிறது.

இரட்டையர்_அம்மா:

இது நம்ம ஏரியா. வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய தெருவில் இருக்கிற கடைகளுக்குள் பால் கொடுக்கும் அறையை எதிர்பார்க்காதீர்கள். கட்டடமே நூறு வருடத்துக்கு மேல் பழையது, இடம் எங்கே இருக்கும்? ரயில் நிலையப் பக்கத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கவகோயே நிலையத்துக்கும் ஹோன்கவகோயேக்கும் நடுவே கிரேயா மால் என்ற நடையர் கடைவீதி போகிறது. அதில் மருஹிரோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கிறது. எந்த டிபார்ட்மென்ட் ஸ்டோராக இருந்தாலும் குழந்தை உடை விற்கும் தளத்தில் பால் அறை, டயபர் மேசை, வெந்நீர் இருக்கும் என்று நம்பிப் போகலாம். சைத்தாமா மாகாணத்தில் "குழந்தை நிலையம்" என்று ஒரு அடையாளப் பலகை உண்டு, அது தொங்குகிற பொது இடங்களில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். தள்ளுவண்டி நுழைகிற பெரிய பொதுக் கழிப்பறைகளிலும் பெரும்பாலும் மடக்கு மேசை இருக்கும்.

அழுக்கு டயபரை எங்கேயும் போட முடியாது. பால் அறையில் தனித் தொட்டி இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வீடு வரை கூடவே வரும். வாடை வெளியே வராத பை மருந்துக் கடைகளில் கிடைக்கும், அதில் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா கேட்பார்கள், "ஒரு குப்பைத்தொட்டிகூடவா இல்லை இந்த ஊர்ல?" என்று. எல்லா அம்மாக்களும் கேட்பார்கள்.

பவுடர் பாலுக்கு வெந்நீர் குடுவை, ஆறவைத்த நீர், இத்தனையும் சுமக்க வேண்டாம். காய்ச்சத் தேவையில்லாத திரவப் பால் இப்போது சின்னப் பெட்டியிலும் டின்னிலும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஜப்பானில் இதற்கு 2018ல்தான் அனுமதியே கிடைத்தது, 2019 வசந்தத்தில் கடைக்கு வந்தது. என் இரட்டையர்கள் பிறந்தபோது கிடையாது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒன்று, வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள், சில குழந்தைகள் அந்தச் சுவையைத் துப்பிவிடும்.

சாப்பாட்டில் உங்களுக்கு யோகம். கவகோயேயின் பெயரே சக்கரைவள்ளிக் கிழங்குக்குத்தான். அந்தக் காலத்தில் ஷிங்காஷி ஆற்றில் படகேற்றி எதோவுக்கு அனுப்பினார்கள், அங்கே சுட்ட கிழங்குக் கடைகள் பெருகின. சுட்ட கிழங்கு வாங்கினால் குழந்தை, பாட்டி, நீங்கள் மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. குழந்தைக்குத் தோலுக்கு அருகில் இருக்கும் நாரை எடுத்துவிட்டு, வெந்நீர் விட்டு மசித்துக் கொடுங்கள். சூடு உள்ளே ரொம்ப நேரம் நிற்கும், கவனம். வெண்ணெய், சர்க்கரை, தேன் சேர்த்த கிழங்குப் பண்டங்களைக் குழந்தைக்குக் காட்டவே வேண்டாம். ஒரு வயது முடிகிறவரை தேன் கூடவே கூடாது, வேகவைத்த பண்டத்தில் இருந்தாலும் கூடாது. மோச்சி, தாங்கோ போன்ற ஒட்டும் அரிசிப் பண்டங்கள், கெட்டி மிட்டாய் எல்லாம் தொண்டையில் அடைக்கிறவை. தெருவில் யாராவது பிரியமாக நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போடுங்கள்.

அம்மாவுக்கு உதோன் என்கிற கோதுமை நூடுல்ஸ் என்று நினைத்தால், குழம்பில் மீன் சாறு இருக்கும், காய்கறி மட்டும்தான் என்று பலகையில் எழுதியிருந்தாலும் இருக்கும். பக்வீட் மாவு நூடுல்ஸ் விற்கும் சோபா கடையில் குழந்தையோடு உட்காருவதையும் தவிர்ப்பேன், அந்த மாவுக்கு ஒவ்வாமை வந்தால் கடுமையாக வரும். இந்த ஊரின் இன்னொரு புகழ் விலாங்கு மீன். தெருவெல்லாம் மணக்கும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், நல்ல யோசனை அதுதான்.

மயிலாப்பூர்_மாடவீதி:

பேச்சு கிழங்கில் நிற்கிறது, நான் துணிப் பக்கம் இழுக்கிறேன். கவகோயே வியாபாரிகள் தானியத்தோடு துணியும் விற்றவர்கள். எதோ காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணி கப்பலில் ஜப்பானுக்குப் போனது. சாந்தோம் பெயரையொட்டி அதை சாந்தோமே துணி என்றே அங்கே அழைத்தார்கள், எதோ நகரத்து ஆட்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். 1859ல் யோகொஹாமா துறைமுகம் திறந்து மெல்லிய இயந்திர நூல் வரத் தொடங்கியதும், கவகோயேக்காரர்கள் அதே கோட்டுத் துணியை இங்கேயே நெய்து மலிவாக விற்றார்கள். கவகோயே தோசான் என்று இன்றும் கேட்டால் காட்டுவார்கள். அடர் நீலத்தில் மெல்லிய சிவப்பு, மஞ்சள் கோடுகள். பாட்டிக்கு ஒரு சின்னப் பை வாங்கிக் கொடுங்கள், ஊருக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் காட்டட்டும்.

குட்டன்_அப்பா:

அடடே, இது எனக்குப் புதுச் செய்தி. இத்தனை தடவை போயும் தெரியவில்லை.

சரி, மதியத் திட்டம் யாரும் சொல்லவில்லையே. பதினொன்றரைக்குத் தெருவை விட்டு வெளியே வந்தால் எங்கே போவது? கோயிலுக்குப் போங்கள். கிதாயின் கோயில் வளாகம் விசாலமானது, தள்ளுவண்டி ஓட்டலாம், மர நிழல் உண்டு. 1638ல் அந்தக் கோயிலும் தீக்கிரையானபோது அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகுன் இயெமித்ஸு எதோ கோட்டையிலிருந்தே சில கட்டடங்களைப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். அவர் பிறந்த அறை என்று சொல்லப்படுவதும் அதில் ஒன்று. அவருக்குப் பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாய் கசுகா நோ சுபோனேயின் ஒப்பனை அறையும் பக்கத்திலேயே. தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய அறை என்று என் மனைவி சொல்வாள். செவிலித்தாயாக வந்து ஷோகுன் அரண்மனையின் அந்தப்புரத்தையே ஆட்டிவைத்தவர் அந்த அம்மாள்.

உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும், வண்டியை வெளியே விட வேண்டும். வெளியே ஐந்நூறு ரக்கான், அதாவது புத்தரின் சீடர்கள், சிலைகள். உண்மையில் 538. அழுகிறவர், சிரிக்கிறவர், காதில் ரகசியம் சொல்கிறவர் என்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எட்டு மாதக் குழந்தை முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சைத்தாமாவாசி:

ஆமாம், கிதாயினை மறந்துவிட்டோம். மணிக்கூண்டு பற்றியும் ஒரு எச்சரிக்கை. தோக்கி நோ கானே என்ற மூன்று அடுக்கு மரக்கோபுரம், பதினாறு மீட்டர் உயரம், தீக்குப் பிறகு அடுத்த ஆண்டே மறுபடி கட்டினார்கள். வியாபாரிகளுக்குத் தங்கள் கடையைக் கட்டும் வேலையே தலைக்குமேல் இருந்த நேரத்தில் மணியையும் எழுப்பியிருக்கிறார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மூன்று, மாலை ஆறு என்று நான்கு வேளை அடிக்கும். தூங்குகிற குழந்தையோடு மூன்று மணிக்கு அதன் அடியில் நிற்காதீர்கள். விழித்திருக்கும் குழந்தை என்றால் பன்னிரண்டு மணிக்கு நிற்கலாம், ஆனால் அப்போது கூட்டம்.

மாதத்தில் 28ஆம் தேதி நரிதாசான் கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை. அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வேறு வாரம் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். இதே மாகாணத்து குமகாயாவில் 2018 ஜூலையில் 41.1 டிகிரி அடித்தது. தார்ச்சாலைக்குப் பக்கத்தில் தாழ்வாகப் போகிற வண்டிக்குள் நமக்குத் தெரிவதைவிடச் சூடு அதிகம்.

நிஷிகசாய்_மல்லி:

போய்வந்தோம்! சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தெருவில் இருந்தோம். சைத்தாமாவாசி சொன்னது அப்படியே நடந்தது, பத்தரை வரை நிம்மதி, பதினொன்றுக்கு நடைபாதை நிறைந்துவிட்டது. அம்மா ஜன்னல் கதவுகளின் படிவெட்டைத் தடவிப் பார்க்கப் போய், நான் கையைப் பிடித்து இழுத்தேன். கேரியரில்தான் இருந்தாள் மகள், மடித்த வண்டியைத் தூக்கிய என் கணவர் குட்டன் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் கிதாயினில் அதே வண்டியில் ஒரு மணி நேரம் தூங்கினாள், அதனால் வழக்கு தள்ளுபடி.

ஒரு கடையில் கேரியரோடு நுழைந்ததும் முகம் சுளித்தார்கள், குழந்தை அழுதால் வெளியே போய்விடுங்கள் என்று சைகை. இன்னொரு கடைப் பாட்டி ஸ்டூல் போட்டு அம்மாவை உட்காரவைத்து, மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கு மூவருக்கும் ஆயிற்று. நீலக் கோட்டுப் பை வாங்கியாயிற்று, விலை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

புது_வரவு:

நல்ல இழை. நாங்கள் அக்டோபர் திருவிழாவுக்குப் போக நினைக்கிறோம், குழந்தைக்கு ஐந்து மாதம். சரிப்படுமா?

சைத்தாமாவாசி:

அக்டோபர் மூன்றாவது ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும். 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தேர்த்திருவிழாக்களில் இதுவும் ஒன்று. அந்த இரண்டு நாளும் முக்கியத் தெருவில் கார், பஸ் போகாது, ஆனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆட்கள். இரவில் தேர்கள் நேருக்கு நேர் நின்று மேளமும் குழலும் போட்டிபோடுவதுதான் உச்சம், அதை ஐந்து மாதக் குழந்தையோடு பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். சனிக்கிழமை முற்பகலில் தேர்கள் கிளம்புவதைப் பக்கத் தெரு ஒன்றில் நின்று பார்த்துவிட்டு, மூன்று மணிக்குள் ரயில் ஏறிவிடுங்கள். தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள், கேரியர் மட்டும். காதுக்கு மெத்தை மூடி கண்டிப்பாக. ராத்திரி விழாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் குழந்தையோடு வீட்டுக்குப் போங்கள், ஒருவர் நில்லுங்கள். யார் நிற்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.